நாள் தள்ளிப்போயிருக்கு

பூட்டு என்ற பேரை முதலில் கேட்டது என் அக்கா வாயிலிருந்துதான். அவள் மகனுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. “வந்திருக்கிறது மருமக இல்லடி, பூட்டு. எதைக் கேட்டாலும் ‘தெரியல அத்தை’ங்கறா” என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

பூட்டுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஜன்னலில் வேலை. பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகள் தனியாக வந்தால் அட்டை ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போடுவாள். கோடு போட்ட அட்டையைப் பற்றிப் பெற்றவர்களே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. அது அங்கத்திய சட்டம்.

என் அக்கா மகளுடைய பெண்ணுக்கு அப்போது பதினாறு. ஊரில் வேறு ஆஸ்பத்திரி இல்லாமலா அங்கே போனாள்? உட்கார்ந்திருப்பது பூட்டு என்று தெரிந்துதான் போயிருக்கிறாள்.

ஒரு நாள் பூட்டு கூப்பிட்டபோது அந்தப் பெண்ணின் போனை அவள் அம்மா எடுத்துவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல். பூட்டு ஏமாந்துபோய், “உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு, வியாழக்கிழமை வந்து டாக்டரைப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். டாக்டர் லீவு, வரச் சொன்ன தேதி மாறிவிட்டது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் வயசுக்கு வந்த பெண்ணைப் பெற்றவள் காதில் அது எப்படி விழும்?

அன்றைக்கே மகளை வேறொரு டாக்டரிடம் இழுத்துப் போய்ச் சோதித்தாள். ஒன்றுமில்லை. அதோடு விட்டாளா? அதுவும் இல்லையென்றால் வேறு என்ன என்று சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஜன்னல் முன்னால் போய் நின்றாள்.

“நான் பெத்தவ. எந்த டாக்டரைப் பாக்க வர்றா, அதை மட்டும் சொல்லு.”

“நான் சொன்ன வார்த்தைதான் தப்பு அண்ணி. தேதி மாறினதைத்தான் சொன்னேன். மத்ததை நீங்க அவகிட்டதான் கேக்கணும்.”

“அவ வாயத் தொறந்தா நான் ஏன் இங்க வர்றேன்? நீ என் தம்பி பொண்டாட்டியா, இந்த ஜன்னலுக்குக் காவக்காரியா?”

“இங்க உக்காந்திருக்கறப்ப காவக்காரிதான் அண்ணி.”

வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குடும்ப விஷயத்தை வீட்டில் பேசுங்கம்மா, எனக்குப் பல்வலியில் உயிர் போகிறது என்றார். நான் அக்கா மகள் பக்கம்தான். அந்தப் பிள்ளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தலையில் அடித்துக்கொண்டு அழப்போவது பெற்றவளா, ஜன்னலா? கிட்டே போய், மனசு டாக்டரா, தோல் டாக்டரா, வாயால் சொல்ல வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்று கேட்டுப் பார்த்தேன். முன்பின் பார்க்காதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, “அடுத்து யாரு?” என்றாள்.

போனில் ஆள் மாற்றிச் சொன்னதற்கு அக்கா மகள் ஆஸ்பத்திரியில் மனு எழுதிக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னால் மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் ஆள் விட்டாள். பூட்டு அசையவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஜன்னல் வேலை போயிற்று. ‘அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் நான் வைத்தியத்துக்கே வர மாட்டேன்’ என்று அந்தப் பெண் பூட்டிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்தப் பெண் வியாழக்கிழமை தவறாமல் போகிறாள். இப்போது தாயும் கூடவே போய், சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

பூட்டு அதே ஆஸ்பத்திரி மாடியில், போன் இல்லாத ஓர் அறையில், பழைய அட்டைகளை அடுக்குகிற வேலையில் இருக்கிறாள்.