காலிக்குடம் இல்லாத அவுட்க்ரை

இந்த ஊரில் பஸ்ஸுக்குள் யாரும் பேசுவதில்லை. இறங்கும்போது மட்டும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள், அதுவும் மெதுவாக. நானும் அதிகம் வாய் திறக்காதவள் என்பதால், இங்கிலாந்தின் இந்தச் சிறு ஊர் எனக்கு ஒத்துப்போனது. முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. கார் ஓட்டத் தெரியாது. விடியற்காலை பஸ்ஸை விட்டால் வேலைக்குப் போக வேறு வழியில்லை. போன குளிர்காலத்தில் அந்த பஸ்ஸை ஊர்க் கவுன்சில் நிறுத்தப்போவதாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. தலைப்பில் 'அவுட்க்ரை' என்று ஒரு சொல். பன்னிரண்டாவதோடு நின்ற என் ஆங்கிலத்துக்கு அது புதிது. மகளிடம் கேட்டேன். "ஜனங்க கூச்சல் போட்டு எதிர்க்கிறாங்கன்னு அர்த்தம்மா" என்றாள்.

எனக்குத் தைரியம் வந்தது. கூச்சல் நான் பார்க்காததா? சென்னையை அடுத்த முடிச்சூரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் காலிக்குடங்களை மெயின் ரோட்டில் வரிசையாக வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். தாம்பரம் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்வரிசையில் என் தங்கை செல்வி. கடைசி வரிசையில், குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நான். வெள்ளம் வந்த வருடமும் மொட்டைமாடியிலிருந்து படகைக் கத்திக் கூப்பிட்டது அவள்தான். நான் துண்டை மட்டும் ஆட்டினேன்.

ஆகவே சனிக்கிழமை காலை, கூட்டம் சேரும் என்று நம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு மார்கரெட் நாயோடு வந்தார். அவுட்க்ரை எப்போது என்று கேட்டேன். "அதுதான் நடந்துகொண்டிருக்கிறதே. நீங்கள் இன்னும் கவுன்சிலுக்கு எழுதவில்லையா?" என்றார். தெருவில் அவருடைய நாய்கூடக் குரைக்கவில்லை.

செல்வியிடம் போனில் சொன்னேன். "இன்னாக்கா இது, பஸ்ஸை நிறுத்துறான், எல்லாரும் வூட்ல குந்திகினு எழுதிகினு கீறாங்களா? நாலு பேரைக் கூட்டிகினு ரோட்ல போய் உக்காரு. குடம் கீதா?"

"குடம் இல்லடி."

"பக்கெட்டாவது எடுத்துகினு போ."

நான் போனது பஸ் விஷயமாகக் கவுன்சில் நூலகத்தில் நடத்திய கூட்டத்துக்கு, மார்கரெட்டோடு. கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள், யாரும் குறுக்கிடவில்லை. எனக்காகக் கத்த முன்வரிசையில் செல்வி இல்லை, மறைந்துகொள்ளக் குடமும் இல்லை. கை தூக்கினேன். எனக்கு வேறு பஸ் இல்லை, அது நின்றால் இல்லத்தில் இருக்கும் வயதானவர்களுக்குக் காலைச் சாப்பாடு செய்ய நான் போக முடியாது என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தலைவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சில வாரம் கழித்துப் பத்திரிகையில் வந்தது: மக்களின் அவுட்க்ரையால் விடியற்காலை பஸ் தொடரும். அந்தச் சொல்லுக்குள் நானும் இருந்தேன் என்பதை நம்பச் சிரமமாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது செல்வி கூப்பிட்டாள். அங்கே வெயில் ஏறியிருக்கும் நேரம்.

"பஸ் ஓடுதுடி" என்றேன்.

"கத்துனியா?"

"இல்ல."

"கத்தாமயா? சும்மா கதை வுடாதக்கா."

அவளுக்குப் பின்னால் பெண்களின் சத்தம், ஹார்ன் சத்தம். இன்றும் தண்ணீர் வரவில்லையாம், ரோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒலியைக் குறைத்தேன், துண்டிக்கவில்லை. பஸ்களை மறித்து அவர்கள் போட்ட கூச்சலைக் காதோடு வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரை, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.