வளைந்த கம்பிகளுக்கு மேல் ஒரு வீடு

எங்கள் அப்பாவை, நைனாவை, புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். எனக்குப் புகழ வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நைனா பொன்னேரிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி செய்யும் ஆலையில் உலை முன் நின்று வேலை செய்தார். முதல் ரயிலில் போவார். திரும்பும்போது சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்கும். அந்த உழைப்பில்தான் மீஞ்சூரில் இரண்டு அறை வீடு கட்டினார். பிற்காலத்தில் மாடி எடுக்க ஆறு தூண்களின் கம்பிகளையும் கூரைக்கு மேல் நீட்டி விட்டார். துருப்பிடிக்காதிருக்க, சிமென்ட் குறைந்த கலவை பூசி மூடினார்.

அண்ணன் திருமணத்துக்கு மொட்டைமாடியில் பந்தி. பந்தல் போட வந்த நம் உறவினர்கள் அந்தக் கலவையை உடைத்துக் கம்பிகளை மடக்கிக் கயிறு கட்டினார்கள். நைனா அப்போது மண்டபத்தில் இருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மடக்கியவர்களின் பெயரை எழுதவில்லை. இதைப் படிப்பார்கள், போதும்.

சில ஆண்டுகளில் என் கணவர் என்னை வேண்டாமென்றார். இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து சமையலறையில் படுத்தேன். "வாடகைக்கு ஒரு ஊடு பாத்து அனுப்பிடு" என்று அதே உறவினர்கள் நைனாவுக்கு யோசனை சொன்னார்கள்.

"கீழ எடம் இல்லன்னா இன்னா? மேல அவ்ளோ எடம் கெடக்குதே" என்றார் நைனா.

மேஸ்திரி வந்து பார்த்தார். மடங்கிய இடமெல்லாம் துரு.

"கம்பில பைப்ப மாட்டி நிமித்திக்கலாம் பெரியவரே. மேல பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்யா. கம்பி செஞ்சவன் நானு. மடங்கித் துருப்புடிச்சத நிமித்தி, அது மேல எம்பொண்ணக் குடி வெப்பனா?"

நல்ல கம்பி தெரியும்வரை தூண் தலைகளைக் கொத்தி, புதுக் கம்பி சேர்க்க வேண்டும் என்றார் நைனா. கூலி மிச்சமாகட்டும் என்று ஓய்வு பெற்ற அந்த வயதில் தாமே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். வாரக்கணக்கில் கொத்தினார். எனக்குப் பொறுமை போயிற்று.

"எடம் குடுக்க மனசில்லன்னா சொல்லிடு நைனா. இன்னாத்துக்கு இந்தக் கூத்து?"

"கத்திக்கினே இருக்காத. ஒரு சொம்பு தண்ணி எடுத்தா."

தண்ணீர்ச் சொம்பை ணங்கென்று வைத்துவிட்டு வந்தேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மாடி எழுந்தது. நானும் பிள்ளைகளும் குடியேறினோம். அதைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகள் மாடி எடுத்தன. எல்லோரும் முதலில் நைனாவைத்தான் கூட்டிப்போய்த் தூணைக் காட்டினார்கள். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியபோதும் காற்றுக்காக என் வீட்டுக்கே படியேறி வந்தார். அங்கேயே கண்மூடினார்.

நைனா சொன்ன பிறகு, பூசி மறைக்காமல் கடைசிவரை கூட நின்ற மேஸ்திரிக்கும், தளத்தை நனைக்கத் தம் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், நைனாவைத் தோளில் சுமந்த ரயில் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் சாப்பாடு என் வீட்டுக்கு மேல், புது மொட்டைமாடியில். அங்கே ஆறு தூண் கம்பிகள் கலவை பூசி நிற்கின்றன. நைனாவே நின்று பூசியவை. பந்தலுக்குச் சவுக்குக் கம்பு வாங்கி வைத்திருக்கிறேன். கம்பிகளை யாரும் தொடாதீர்கள். என் பிள்ளைகள் வளர்கிறார்கள்.