கண்ணாடிக்குள் அசையாத தண்ணீர்

ஆம்ப்ரோஸ் நீராவி ரயில் இஞ்சின்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர்; பெரும்பாலும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாக. ஓஃபிர் ரோடு மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது, அந்தக் கரும்புகை நாட்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "இந்த ஊர் வெயில்ல அடுப்புக்குப் பக்கத்துல எட்டு மணி நேரம் நின்னு பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்பார். டீசல் வந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. தனக்கு அதில் இடம் கிடைக்காமல் போனதில்தான் வருத்தம்.

1950இல் கம்போங் பாரு லோகோ ஷெட்டில் இஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்தார். அப்போது இஞ்சின்களில் விறகும் கரியும் எரிந்தன. ஐம்பதுகளின் நடுவில் எண்ணெய் எரிப்பான்கள் வந்தன; வாரிப் போடும் வேலை குறைந்தது, முதுகு தப்பியது. பிறகு ஒன்றிரண்டாக டீசல் இஞ்சின்கள் வந்து இறங்கின. எழுபதுகள் தொடங்கியபோது நீராவிக்கு மிஞ்சியது கூட்ஸ் வண்டிகளும், பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷன்டிங்கும்தான். டீசலுக்கு மாறுவதற்கான கண் பரிசோதனையில் ஆம்ப்ரோஸின் தூரப்பார்வை தேறவில்லை. 1972இல் வெளியே வந்தார். எட்டு மாதம் தோ பாயோ மூன்றறை வீட்டில் சும்மா இருந்தார். மனைவி அல்போன்சம்மாள் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள்.

வேலை கிடைத்தது சுங்கை காடுட்டில், மரம் அறுக்கும் மில் ஒன்றில். அறுத்த பலகையை உலர்த்தும் அறைகளுக்கு நீராவி தரும் பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். முதல் நாள் கொட்டகைக்குள் போனவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டார். சக்கரமும் சிலிண்டரும் கழற்றப்பட்டு, செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தது ஒரு ரயில் இஞ்சின் பாய்லர். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மூலம் வந்ததாம். மரத்தூளும் கழிவுக் கட்டைகளும் அதில் எரிந்துகொண்டிருந்தன.

ரயில் பாய்லரின் அமைப்பைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. நெருப்பு எரியும் பெட்டியைச் சுற்றிலும் தண்ணீர்; பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலேயும் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் தகடு பிழைக்கிறது. தண்ணீர் கூரைக்குக் கீழே இறங்கினால் சில நிமிடங்களில் தகடு சிவந்து இளகிவிடும். மேலே அழுத்தும் நீராவி அதைக் கிழித்துக்கொண்டு கீழே பாயும். அப்படி வெடித்த இஞ்சின்கள் பல நாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கின்றன. அதற்காகவே கூரைத் தகட்டில் ஓர் ஓட்டை போட்டு ஈயம் அடைத்த திருகு ஒன்றை மாட்டுவார்கள். லெட் பிளக் என்று பெயர். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகும், நீராவி நெருப்பின் மேல் பீய்ச்சும், ஆட்கள் ஓட நேரம் கிடைக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்ட வெளியே கண்ணாடிக் குழாய்கள் இரண்டு இருக்கும்.

இந்த மில்லில் இரண்டில் ஒன்று உடைந்து மூடிக் கிடந்தது. "ஆர்டர் பண்ணியாச்சு" என்று சொல்லி மூன்று வாரமாகிவிட்டது.

அது ஒரு வியாழக்கிழமை. காலையில் பஸ் புக்கிட் பாஞ்சாங் அருகே பழுதாகி நின்றதால் ஆம்ப்ரோஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார். மேலாளர் கோ வாசலிலேயே காத்திருந்தார். திங்கட்கிழமை கப்பலில் ஏற வேண்டிய பலகை இன்னும் உலரவில்லை. உடனே நீராவி வேண்டும். வழக்கமாக ஆம்ப்ரோஸ் முதலில் கண்ணாடிக் குழாயின் திருகுகளைத் திறந்து மூடி, தண்ணீர் சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. குழாயில் பாதிக்குத் தண்ணீர் தெரிந்தது. நெருப்பைக் கிளப்பினார்.

பதினொன்றரைக்கும் அதே பாதி. தண்ணீர் இருக்கிறதே என்று அவர் தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழாயைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று பட்டது. கொதிக்கும் பாய்லரில் தண்ணீர் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. வண்டி ஓடினாலும் நின்றாலும் குழாய்க்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். இங்கே அது வரைந்து வைத்த கோடு போல நின்றது.

அடித் திருகைத் திறந்தார். குழாய் காலியானது. மூடினார். சட்டென்று மேலே துள்ள வேண்டிய தண்ணீர் வரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. கீழ் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது, இத்தனை நேரமும் தான் பார்த்தது மேலிருந்து வந்த நீராவி குளிர்ந்து தேங்கிய தண்ணீர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கொட்டகைச் சுவரின் மறுபக்கம் நிழல் இருந்ததால் மில் ஆட்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். அன்று பதினொரு பேர் இருந்தார்கள். மரம் அறுக்கும் பிரிவின் மேஸ்திரி ஜமால் முகம்மது அப்போதுதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஜமால் பாய், எல்லாரையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போங்க."

"என்ன அண்ணே, சாப்பிட்டுட்டு…"

"சாப்பாட்டையும் எடுத்துக்குங்க. இப்பவே போங்க லா."

குரலில் இருந்த ஏதோ ஒன்று ஜமாலை எழுப்பிவிட்டது. மலாயில் ஒரு அதட்டல் போட்டார், எல்லோரும் நகர்ந்தார்கள்.

ஆம்ப்ரோஸின் கை பம்ப் வரைக்கும் போய்த் திரும்பியது. தகடு ஏற்கெனவே காய்ந்து சிவந்திருந்தால் அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுவதுதான் வெடிப்பதற்கு நல்ல வழி. காற்று போகும் மடையை அடைத்தார். ஈரச் சாம்பலையும் மணலையும் மண்வெட்டியால் வாரி நெருப்பின் மேல் கொட்டினார். இருபது முறையா, முப்பது முறையா, எண்ணவில்லை. நெருப்பு கறுத்ததும் வெளியே ஓடினார்.

கோ ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். குழாயில் பாதி தண்ணீர் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பாய்லர் குளிர்ந்து மறுபடி சூடேற இரண்டு நாளாகும், கப்பல் போய்விடும் என்றார். ஆம்ப்ரோஸ் தனக்குத் தெரிந்த மலாயில் ஒன்றைத்தான் சொன்னார்: இன்ஸ்பெக்டர் வந்து திறந்து பார்க்காமல் தான் அதைப் பற்றவைக்கப் போவதில்லை.

அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை.

"உள்ள தண்ணி நெறைய இருந்திருந்தா?" என்று அல்போன்சம்மாள் கேட்டாள்.

"வேலை போயிடும்."

"இல்லாம இருந்திருந்தா?"

அவள் ரசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "வேலைதானே, பார்த்துக்கலாம். நீங்க சாப்பிடுங்க."

சனிக்கிழமை காலை பாய்லர் இன்ஸ்பெக்டர் சேதுபதி வந்தார். பாய்லர் அதற்குள் ஆறியிருந்தது. கோ கைகட்டி ஒரு பக்கம் நின்றார், ஜமாலும் மற்றவர்களும் வாசலில். சேதுபதி மேல் மூடியைக் கழற்றி, டார்ச்சோடு உள்ளே கையை விட்டார். பிறகு நெருப்புப் பெட்டிக்குள் முதுகைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தார். வெகு நேரம் வரவில்லை. உள்ளே சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சில நிமிடங்களில் தன் நெஞ்சுக்குள் செபமாலையே ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பார் ஆம்ப்ரோஸ்.

சேதுபதி கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தார்.

"கூரைக்கு மேல ஒரு விரல் தண்ணி இருக்கு. ஒரு விரல்தான். இன்னும் இருபது நிமிஷம் எரிஞ்சிருந்தா தகடு வெளிய வந்திருக்கும்."

"தகடு, சார்?"

"நல்லா இருக்கு. சூட்டுல நீலம் பூக்கல, வளையல. தட்டிப் பார்த்தேன், சத்தம் சுத்தமா வருது." கூரைத் தகட்டிலிருந்து கழற்றி எடுத்ததை நீட்டினார். "இதப் பாருங்க. உங்க லெட் பிளக்."

அது முழுப் பித்தளைத் திருகாணி. ஈயமே இல்லை. எப்போதோ ஒழுகியபோது யாரோ கிடைத்ததைத் திருகி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. ஜமால் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்ப்ரோஸால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலையில நான் கிளாஸை டெஸ்ட் பண்ணல. லேட்டா வந்தேன். பண்ணியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

சேதுபதி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "அதை நான் ரிப்போர்ட்ல எழுதணும்."

"எழுதுங்க சார்."

"நெருப்பை அணைச்சதையும் எழுதுவேன். தண்ணி எங்க இருக்குன்னு தெரியாதப்போ பம்பைத் தொடாம இருந்தீங்க. அதுக்கு நிதானம் வேணும்."

ரிப்போர்ட் நகல் வந்தபோது ஜமால் அதை வாங்கிப் படித்துக் காட்டினார். இரண்டும் அதில் இருந்தன. இரண்டு கண்ணாடிக் குழாய்களும் புது லெட் பிளக்கும் போடாமல் பாய்லரை எரிக்கக் கூடாது என்றும் இருந்தது. பலகை அடுத்த வாரக் கப்பலில் போனது. குழாய்கள் வந்து சேர்ந்த அன்று கோ கொட்டகைக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இனிமேல் நெருப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றினால் தன்னைக் கேட்க வேண்டாம், அணைத்துவிட்டு வந்து சொன்னால் போதும் என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அந்தச் சனிக்கிழமை மதியம் ஆம்ப்ரோஸ் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அல்போன்சம்மாளைத் தையல் தொழிற்சாலை வாசலில் போய்ப் பார்த்தார். சட்டையில் கரியோடு அவர் நிற்பதைக் கண்டு அவள் பயந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுமே ஆகல, அல்போன்சா."

இருவரும் சாப்பிட சிராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறினார்கள். அவர் இரண்டு பேர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார் என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

பத்து ஆண்டுகள் அந்த மில்லிலேயே இருந்தார். 1983இல் அந்தப் பழைய பாய்லரை எடுத்துவிட்டு, தண்ணீர் குறைந்தால் நெருப்பைத் தானே நிறுத்திவிடும் புது எண்ணெய் பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொருத்திய ஆட்கள் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. அவர்கள் முன்னிலையிலேயே வேண்டுமென்றே தண்ணீரை மெல்ல மெல்ல வடித்தார். குறித்த கோட்டுக்கு வந்ததும் மணி அடித்தது. நெருப்பு படக்கென்று அணைந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தார். மறுபடி அணைந்தது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலை நேரத்தில் முதல் முறையாகக் கண்ணாடிக் குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் குடித்தார்.