வெந்நீரில் வேகாத கை

எனக்கு வயது எண்பத்தாறு என்கிறார்கள். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. நாத்தனார் கண்ணை மூடிய பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் சட்டியில்தான் சாப்பிட்டு ஆளாயின. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. நான் சொல்லச் சொல்ல இதைப் பேரன் எழுதுகிறான். ஆறு பிள்ளைகளையும் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்திருக்கிறேன். ஒருவருக்கும் ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வருகிற பேச்சுக்கு அது வேண்டும்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்தில் டாக்டர் படத்தைத் திறந்தார்கள். ஊரில் மூத்த கட்டை நான்தான் என்று என்னைத் தூக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். படத்துக்குக் கீழே மேசை போட்டு அவருடைய சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி, நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய், நடுவில் ஒரு பித்தளை ஸ்டவ். புளி போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி மின்ன வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு அட்டை. என்னடா எழுதியிருக்கிறது என்று பேரனைக் கேட்டேன். “அந்தக் காலத்திலேயே ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்ட கைராசி டாக்டர் பயன்படுத்திய அடுப்பு” என்று படித்தான். நான் சிரித்துவிட்டேன். கிழவிக்குச் சந்தோஷம் என்று நினைத்து, விழா மலருக்கு டாக்டரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் ஆயா என்றார்கள் பிள்ளைகள். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டு வந்தேன். அந்த ஸ்டவ் எப்படி வந்தது என்று தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

டாக்டர் தெற்குச் சீமைக்காரர். நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, நகரியம் கட்டி, எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து பிளாக் பிளாக்காகக் குடியேறிய காலத்தில் அவரும் வந்தார். கம்பெனி வேலைக்கு வரவில்லை. முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் எங்கள் ஊர் முனையில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்துத் தனியாக வைத்தியம் பார்த்தார். நல்லவர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் ஆட்களின் கையைப் பிடித்து நாடி பார்த்த முதல் படித்த மனிதர் அவர்தான். மழையிலும் வந்திருக்கிறார். அதனால்தான் அவர் கையைத் தெய்வத்தின் கை என்றார்கள். அவர் தொட்டால் போதும், கைராசி என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு உடம்பு எரியும். ராசி என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். ஊசி எங்கே இருந்தது, எவன் தொட்டான், எதில் கழுவினான் என்று ராசிக்காரரிடம் யார் கேட்பார்கள்?

அந்த ஓட்டு வீட்டில் ஒரு பெஞ்சு, ஒரு பச்சைத் திரை, ஒரு மேசை. மேசைமேல் நீலக்கரை போட்ட வெள்ளைப் பீங்கான் பேசின். அதில் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழலும் ஊசிகளும் கிடக்கும். ஒருவருக்குப் போட்ட ஊசியைத் திரும்ப அதில் போட்டு அலசி எடுத்துத்தான் அடுத்தவருக்குப் போடுவார். கம்பவுண்டராக இருந்தவன் எங்கள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். என்னை அண்ணி என்பான். சூதுவாது தெரியாதவன். ஊசியை வெந்நீரில் போட்டு வை என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவனும் தினம் காலையில் தவறாமல் வெந்நீரைக் கொண்டுவந்து பேசினில் ஊற்றிவிடுவான். எங்கிருந்து கொண்டுவந்தான் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

சுரங்கத்துக்குள் கீழிருந்து தண்ணீர் பொங்கி ஏறிவிடாமல் இருக்க ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளுவார்கள். பூமிக்கு வெகு ஆழத்துத் தண்ணீர், இளஞ்சூடாக வரும். மார்கழி விடியலில் பார்த்தால் ஆவி பறக்கும், பானையில் உலை கொதிக்கிற மாதிரியே இருக்கும். அதற்கு எங்கள் ஊரில் வெந்நீர் வாய்க்கால் என்று பேர் விழுந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை “வெந்நீருக்குப் போயிட்டு வரேன்” என்றால் வாய்க்காலில் குளிக்கப் போகிறாள் என்று அர்த்தம். விறகு வைத்துச் சுட வைத்தால் அது காய்ச்சின தண்ணி. எங்களுக்கு அது வேறு, இது வேறு. தெற்கத்தி டாக்டர் வெந்நீர் என்றார், எங்கள் கம்பவுண்டர் வாய்க்காலுக்குப் போனான். அவன் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அந்தப் பேசினில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விரலை விட்டுப் பார்த்திருந்தால் டாக்டருக்குத் தெரிந்திருக்கும். தொட்டு வைத்தியம் பார்க்கிறவருக்கு அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. மண் வெட்டுகிற வேலை. பர்மனெண்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பேர் வந்துவிட்டது, கேள்வி கேட்டு முடித்துவிட்டார்கள், மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. பர்மனெண்ட் என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால் விளங்காது. நிலம் இருந்தவன் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துப் பணமாவது வாங்கினான். அவன் நிலத்தில் கூலி வேலை செய்த எங்களுக்கு, நிலம் போனதும் வேலையும் போனது, கையில் ஒன்றும் வரவில்லை. எங்களுக்கென்று வந்த ஒரே வாசல் அதுதான். குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள், குழாயில் தண்ணீர் வரும், பிள்ளைகளுக்கு நகரியத்துப் பள்ளிக்கூடம். நான் மனசுக்குள் அந்த வீட்டில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

மெடிக்கலுக்குப் போகிறவன் எல்லாம் அதற்கு முன்னால் கைராசி டாக்டரிடம் ஒரு சத்து ஊசி போட்டுக்கொண்டு போவது அன்றைக்கு ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. வியாதி இருந்தால்தான் ஊசி என்று கிடையாது. கான்ட்ராக்ட் ஆட்கள் அரைவயிற்றுக்காரர்கள். கம்பெனி டாக்டர் பார்க்கும்போது உடம்பு தெம்பாகத் தெரிய வேண்டும், ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் போவான். முன்னே போட்டுக்கொண்டு போனவர்களுக்கு வேலை கிடைத்தது, அதுவும் அவர் கைராசியில் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் பனைமரம் மாதிரி இருந்தவர். ஒரு தும்மல்கூட இல்லாத மனிதர் போய் வலது புஜத்தை நீட்டினார். எல்லோரும் போட்டுக்கொள்கிறார்களே, நாம் மட்டும் போடாமல் போய் வேலை தவறிவிட்டால் என்ற பயம். நானும்தான் போய்வரச் சொன்னேன். யார்தான் சொல்ல மாட்டார்கள்?

மறுநாளே புஜம் வீங்கியது. பிறகு காய்ச்சல், பிறகு கை கல்லாகி, தொட்டால் அலறினார். டாக்டர் வந்து பார்த்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அடங்கவில்லை. கடலூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கீறி எடுத்தார்கள். ஒரு சொம்பு நிறையும் போலச் சீழ் வந்தது. கட்டுக் கட்டிய நர்சம்மா என்னிடம் எங்கே ஊசி போட்டீர்கள், ஊசியைக் கொதிக்க வைத்தார்களா என்று விசாரித்தாள். “வெந்நீர்லதாம்மா போட்டு வெச்சிருந்தாங்க” என்றேன். வெந்நீர் வேறு, கொதிக்கிற தண்ணீர் வேறு என்றாள் அவள். அடுப்பில் வைத்து, குமிழி விட்டுத் தளதளவென்று வெகுநேரம் கொதிக்க வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகக் கொதிக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் எனக்கு நெஞ்சில் அறைந்தது. அந்த ஓட்டு வீட்டில் அடுப்பே கிடையாது. புகை கிடையாது, கரி கிடையாது, ஒரு தீக்குச்சிகூட நான் பார்த்ததில்லை.

மெடிக்கல் நாளன்று கட்டோடு போனார். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். தோளுக்கு மேல் ஏறவில்லை. குணமானதும் வா என்று அனுப்பினார்கள். குணமாகவே இல்லை. உள்ளே சதை செத்துவிட்டது, கை அதோடு நின்றுவிட்டது. அவருக்கு வந்த வேலை அடுத்த பேர்க்காரன் யாருக்கோ போயிற்று.

நான் டாக்டரிடம் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். கேட்டேன். “உடம்பு வாகும்மா. சில பேர் ரத்தம் அப்படி” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ரத்தமா? ஊசி எதில் கிடந்தது என்று கேட்டேன். கம்பவுண்டர் முன்னால் வந்து, “வெந்நீர்லதான் அண்ணி. நானே கொண்டாந்து ஊத்துறேன்” என்றான். பாவம், ஆசையாகச் சொன்னான். நான் மேசைக்குப் போய், பேசினுக்குள் என் கையை மணிக்கட்டு முங்க விட்டேன். ஊசிகள் விரலில் தட்டின. எல்லோரும் பார்க்க அப்படியே வைத்திருந்தேன். பிறகு எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

“வெந்நீர்னா இது வெந்திருக்கணுமே டாக்டரய்யா. வேகலையே.”

அவர் முகம் கறுத்துப்போயிற்று. அவருக்கு விளங்கிவிட்டது, அந்த ஒரு கணத்தில் விளங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “அறிவிருக்கா உனக்கு? கண்ட கையையும் உள்ள விட்டுட்டியே, இந்தத் தண்ணிய இனி எப்படி நான் தொடுறது?”

கண்ட கை. எங்கள் தெருவில் வந்து கைபிடித்து நாடி பார்த்தவர் சொன்ன வார்த்தை அது. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், “கைய வேக வெச்சிகினா வூட்ல சோறு யாரு பொங்குறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பர்மனெண்ட் போனதில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கம்பவுண்டர் பேசினை எடுத்து வாசலில் கவிழ்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு புதுத் தண்ணீர் கொண்டுவரப் போனான். எங்கே போனான்? வாய்க்காலுக்குத்தான். அந்தத் தண்ணீரில் ஊசியை அலசி, அடுத்து யார் என்று டாக்டர் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்த பெரியவர்தான் எழுந்து போய்ச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு புஜத்தை நீட்டினார்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் பிடித்துக்கொண்டாள். போய் மன்னிப்புக் கேள் என்றாள். “அந்த மவராசன் கோச்சிகினு போயிட்டா, நாளைக்குப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா எங்க தூக்கிகினு ஓடுவ?” என்றாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த மேசைமேல் ஒரு பித்தளை ஸ்டவ் வந்து உட்கார்ந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. டாக்டர் எவ்வளவு சுத்தக்காரர், சொந்தச் செலவில் ஸ்டவ் வாங்கி ஊசியைக் கொதிக்க வைக்கிறார் என்று. ஏன் வாங்கினார் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் எதில் போட்டார் என்று ஒரு வாயும் கேட்கவில்லை. இடுப்பிலும் தோளிலும் கட்டி வந்து கீறிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். அவரவர் உடம்பு வாகு என்று அவரவர் இருந்துகொண்டார்கள்.

என் பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அதே டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு போனேன். வேறு போக்கிடம் ஏது? திரைக்கு வெளியே நில் என்றார். நிற்கவில்லை. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குமிழி விட்டது. “போதுமா?” என்றார். “இன்னும் கொதிக்கட்டும்” என்றேன். கொதிக்கவிட்டார். அவருக்கும் எனக்கும் அதற்குப் பிறகு இருந்த பேச்செல்லாம் அதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் போதுமா என்பார், இன்னும் என்பேன். ஒருநாளாவது, உன் புருஷன் கையை நான்தான் கெடுத்தேன் அம்மா என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு நானே அந்தப் படத்துக்கு மாலை வாங்கிப் போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக்காரர் கடைசிவரை முந்திரித் தோப்புக் காவலுக்குத்தான் போனார். கல்லெறிந்து ஆட்டை விரட்டக்கூட இடது கைதான். குவார்ட்டர்ஸ் வீட்டை நான் பார்த்ததெல்லாம், தலையில் பலாப்பழக் கூடையோடு பிளாக் தெருக்களில் விற்றுக்கொண்டு போகும்போது திறந்த கதவு வழியாகத்தான். அவர் யார்மேலும் குறை சொல்லவில்லை. “அவரு கைக்கு ராசி இருக்குது. என் கைக்குத்தான் இல்ல” என்பார். சாகிறவரை அதையே சொன்னார். டாக்டர்மேல் வந்த கோபத்தைவிட அந்தப் பேச்சின்மேல் வந்த கோபம்தான் எனக்குப் பெரிது. கெட்டது ராசி இல்லை. கெட்டது தண்ணீர். அதை அந்த மனிதரிடம் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் ஏறவில்லை.

போன மாதம் கொள்ளுப்பேத்திக்குத் தடுப்பூசி போட்டார்கள். நர்சுப் பெண் உறையைக் கிழித்துப் புது ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே அதைத் தறித்துத் தூக்கிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன ஆயா அப்படிப் பார்க்கிறீர்கள் என்றாள். ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார் என்றேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேரன் பேனாவை வைத்துவிட்டான். “ஆயா, நாலு நல்ல வார்த்தைதான கேட்டாங்க. இத மலர்ல போட மாட்டாங்க” என்கிறான். போடாவிட்டால் போகட்டும். அது நல்ல ஸ்டவ், நன்றாகக் கொதித்தது, அதையும் எழுதிக்கொள். எழுதினதை எடுத்துப் போய் அந்த அட்டைக்குப் பக்கத்தில் என் பேர் போட்டு ஒட்டிவிட்டு வா, கையெழுத்து நானே போடுகிறேன். அதற்கு முன்னால் முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, ராசா. கொதிக்க வைத்து என்று வருகிற இடத்தில் கொஞ்சம் உரக்கப் படி. எனக்கு ஒரு காது மந்தம்.