ஆசியாக்காவின் யானை

கூட்டங்களின் இடைவேளையில், காப்பி மேசையில் ஸ்பூன் இருக்கும் முனையை ஆசியாக்கா பிடித்துக்கொண்டால், பிறகு அவரை அங்கிருந்து யாராலும் நகர்த்த முடியாது. அவர் காப்பி குடிப்பதில்லை. டீயில் சர்க்கரை போடுவதுமில்லை. ஆனால் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் சர்க்கரை போட்டால் கலக்கியாக வேண்டும், கலக்க ஸ்பூன் வேண்டும், ஸ்பூனுக்கு அக்காவிடம்தான் வர வேண்டும். "கூட்டம் ஹாலுக்குள்ள நடக்கும் தம்பி, வேலை ஸ்பூன்கிட்ட நடக்கும்" என்பார். ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர்களே சர்க்கரையைக் கலக்கிக் கோப்பையை நீட்டிவிட்டார்கள். அன்று முழுக்க அக்காவின் முகம், கடை வாசலில் பள்ளம் தோண்டப்பட்ட வியாபாரியின் முகம் போல இருந்தது.

'ஆசியக் கொள்கைப் பிரிவு இயக்குநர், சிறு தையல் ஆலைகள் சங்கம்' என்கிறது அவருடைய அட்டை. பிரிவில் இயக்குவதும் அவர்தான், இயங்குவதும் அவர்தான். வேறு ஆள் கிடையாது. டயர் கடைக்கு மேல் மாடியில் சங்க அலுவலகம். அக்காவின் அறையில் பாதியைப் பஞ்சு மூட்டைகள் எடுத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாட்டு அமைச்சகத்துடன் போனில் இழைந்து இழைந்து பேசிக்கொண்டிருப்பார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டால், "இங்க கொஞ்சம் காத்து பலம் சார்" என்று சமாளிப்பார். 'ஆசியாக்கா' என்ற பெயரை யார் வைத்தது என்று தெரியவில்லை. வீட்டில்கூட இப்போது அதுதான்.

சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் அவருடைய உத்தியோகத்தை விளக்குவது ஒரு தனிப் பாடு. ஒரு தடவை சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு என்னதான் வேலை?"

"ஒரு நாட்டுச் சாமான் இன்னொரு நாட்டுக்குள்ள போனா என்ன வரி, என்ன சோதனைன்னு கவர்மென்ட் முடிவு பண்ணும்ல சித்தப்பா? அதை எங்க ஆளுங்களுக்குத் தோதா முடிவு பண்ணுங்கன்னு ஊர் ஊராப் போய்ப் பேசுவேன்."

"அப்ப நீ ஆபீசரா?"

"இல்ல."

"வக்கீலா?"

"இல்ல."

"வியாபாரியா?"

"இல்ல சித்தப்பா. இவங்க மூணு பேரும் என்னைப் பார்த்தா ஓடுவாங்க."

சித்தப்பா தாடையைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு சொல்லேன்!"

அக்கா மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அது தப்பில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

இளம் வயதில் அவர் அரசாங்கத்தில், எந்தச் சாமானுக்கு எவ்வளவு வரி போட்டால் அது எல்லையிலேயே மூச்சு முட்டி நிற்கும் என்று கணக்குப் போடும் பிரிவில் இருந்தவர். கெட்டிக்காரி என்று பெயர். அங்கிருந்து எதிர்ப்பக்கம் தாவினார். கேட்டால், "சுவர் எழுப்புன கொத்தனாருக்குத்தான் எந்தக் கல்லு ஆடுதுன்னு தெரியும்" என்பார்.

ஆசியா முழுக்கக் கதவைத் திறக்கச் சொல்லும் இந்த அம்மாள், தன் வீட்டு வாசலில் கெடுபிடியான சுங்கச் சாவடி வைத்திருக்கிறார். ஒரு பொருள் உள்ளே வர வேண்டுமென்றால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். அவருடைய கணவர் பல் டாக்டர். எனக்கும் அவர்தான் பார்க்கிறார். என் வாயை அகலத் திறக்கச் சொல்லி, உள்ளே குழாயை மாட்டி, நான் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் மனைவியைப் பற்றி மனம் திறப்பார். "ஒரு சட்டை வாங்கிட்டுப் போனேன் சார். வாசல்லயே நிறுத்திட்டா. பழைய சட்டை ஒண்ணு வெளிய போனாத்தான் இது உள்ளயாம். போட்டிருந்ததைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போனேன். வலிக்குதா?" நான் 'ஆ' என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

அவர்களுடைய மகளுக்கு வீட்டில் 'எதிர்க்கட்சி' என்று பெயர். தாய் எட்டடி என்றால் இவள் பதினாறடி. எதையும் கேட்கும் முறையை அக்கா அவளுக்குச் சிறுவயதிலேயே ஊட்டிவிட்டார்: வேண்டியதைவிடப் பெரிதாகக் கேள், சிறிதாகக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளும்போது தோற்றுப்போன மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போடு. ஒரு நாள் எதிர்க்கட்சி குதிரை வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தாள். பேச்சுவார்த்தை நடந்து, வீட்டுக்குப் பூனை வந்தது. "அவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பூனைதான் வேணும்னு எனக்கு அப்புறந்தான் தம்பி உறைச்சுது" என்று சொன்னபோது, அக்காவின் கண்ணில் பெருமை தளும்பியது. அந்தப் பூனைக்குப் பதிலாக வீட்டிலிருந்து எது வெளியே போனது என்று நான் கேட்கவில்லை. டாக்டரின் சாய்வு நாற்காலியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இனி யானைக்கு வருவோம்.

சங்கத்து ஆலைகள் சேர்ந்து ஒரு நீல யானையைத் தைத்தன. உள்ளே பஞ்சு. தும்பிக்கை தாராளமான நீளம். பிரயாணத்தில் கழுத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டு தூங்கலாம். வயிற்றை அமுக்கினால் 'கீச்' என்று கத்தும். அப்பனுக்குத் தூக்கம், பிள்ளைக்கு விளையாட்டு. தைத்தவர்கள் யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வி துறைமுகத்தில் தோன்றியது: இது பொம்மையா, தலையணையா?

சுங்கத்துறைக்கு உலகத்தில் எந்தப் பொருளையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டாக வேண்டும். பெட்டிக்குத் தக்கபடி சட்டம். தீவு நாட்டில் பொம்மைக்கு வரியே இல்லை. தலையணைக்கு விழி பிதுங்கும் வரி. வடக்கே இருக்கும் குளிர் நாட்டில் தலையணை கைவீசிக்கொண்டு உள்ளே போகலாம். பொம்மை என்றால் பரிசோதனைக் கூடத்தில் அதை இழுத்து, நனைத்து, கொளுத்திப் பார்த்து அனுப்புவதற்குள் பள்ளி விடுமுறை முடிந்து யானையைச் சீந்த ஆளிருக்காது.

அக்கா முதலில் தீவுக்குப் போனார். அங்கே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் குண்டு அதிகாரி ஒருவர். அக்கா அவர் மேசையில் யானையை வைத்து வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினார். "கத்துற தலையணையில யாராவது தூங்குவாங்களா சார்?" பொம்மை என்று முத்திரை விழுந்தது.

அடுத்தது குளிர் நாடு. அங்கே சிரிப்பு என்றால் என்ன என்று கேட்கும் ஒல்லியான அம்மாள். அவருடைய அறை வாசலில் காத்திருந்த அக்கா, விமானம் படுத்திய பாட்டில் தும்பிக்கையைக் கழுத்தில் சுற்றியபடி தூங்கிப்போனார். நடிப்பில்லை, நிஜத் தூக்கம், லேசான குறட்டையோடு. அதிகாரியே வந்து தோளைத் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. "பொம்மைன்னா தூக்கம் வருமா மேடம்? நானே சாட்சி" என்றார் அக்கா. தலையணை என்று முத்திரை விழுந்தது. அந்தச் சந்திப்பு முடியும்வரை யானையின் வயிற்றில் ஒரு விரல்கூடப் படாமல் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டிருந்தாராம்.

"ரெண்டுல ஒண்ணு பொய்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"ஏன், ரெண்டும் நெஜந்தான். முன்னாடி நின்னு பார்த்தவருக்குத் தும்பிக்கை. பின்னாடி நின்னவருக்கு வாலு."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா பல வருடங்களாக இன்னொரு காரியமும் செய்துவந்தார். தலைநகர் தலைநகராகப் போய், "ஒரே சாமானை ஆளுக்கொரு பெட்டியில போடுறீங்களே, இதென்ன நியாயம்? ஆசியா பூரா ஒரு சாமானுக்கு ஒரே பெட்டி வைங்க" என்று மேடைதோறும் முழங்கினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நகர்ந்தது. எல்லா நாட்டு அதிகாரிகளையும் கொண்ட ஒரு குழு அமைந்தது. முதல் கூட்டத்தில் முதல் பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டது நீல யானையை.

"தம்பி, நான் கேட்டது கிடைச்சிருச்சு" என்று அக்கா போனில் சொன்னார். குரல் பாதாளத்திலிருந்து வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு ஆசியா முழுக்க விமானத்தில் பறந்தவர் இவர் ஒருவர்தான்.

இந்தத் தொழிலில் கையில் சரக்கு கிடையாது, வாய்ச்சொல்தான் சரக்கு. 'அங்க ஒண்ணு சொன்னா, இங்க ஒண்ணு சொன்னா' என்று ஒரு முறை பேர் விழுந்துவிட்டால், அப்புறம் எந்த அலுவலகத்தின் கதவும் திறக்காது. ஆலைகளுக்கு ஒரு யானை போகும். அக்காவுக்கு ஆசியாவே போய்விடும்.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. அக்காவின் திட்டம் எளிமையானது: தீவு அதிகாரியும் குளிர்நாட்டு அம்மாளும் ஒருவரோடொருவர் பேசிவிடக் கூடாது. காலையில் காப்பி மேசையருகே அவர் பட்ட பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. தீவு அதிகாரி இடப்பக்கம் வந்தால் ஸ்பூனோடு இடப்பக்கம். அம்மாள் வலப்பக்கம் வந்தால் ஸ்பூனோடு வலப்பக்கம். நடுவில் நின்றிருந்த ஒரு வங்கிக்காரருக்கு மட்டும் ஏகப்பட்ட ஸ்பூன்கள் சேர்ந்துவிட்டன.

சங்கத் தலைவரும் வந்திருந்தார். பெரிய மீசை, இளகிய மனம். சிரிப்பையும் அழுகையையும் அடக்கத் தெரியாதவர். அம்மாளைக் காவல் காக்கும் வேலை அவருக்கு.

"யானையை மட்டும் விட்டுட்டு எதைப் பத்தி வேணா பேசுங்க தலைவரே" என்றார் அக்கா.

"பஞ்சைப் பத்திப் பேசட்டுமா?"

"தாராளமா."

போன வேகத்தில் திரும்பி வந்தார். "பஞ்சைப் பத்தித்தாம்மா பேசிட்டிருந்தேன். அப்படியே யானைக்குள்ள போயிட்டேன்."

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனோம். அவைத் தலைவர் கருத்துக் கேட்டதும் தீவு அதிகாரி எழுந்தார். இங்கே அவரவர் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

"இது தலையணை. பொம்மைன்னா தூக்கம் வருமா?"

அக்கா நிமிர்ந்தார். அது அவருடைய வாக்கியம். ஆனால் தப்பான வாயிலிருந்து வந்தது.

அடுத்து குளிர்நாட்டு அம்மாள் எழுந்தார். "இது பொம்மைதான். கத்துற தலையணையில யாராவது தூங்குவாங்களா?"

விஷயம் இதுதான்: முந்தின நாள், வழியில் மாறி ஏறியதில் இருவருக்கும் ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அக்கா தனக்குச் சொன்னதை ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, ஒருவரை ஒருவர் பரிபூரணமாக மாற்றிவிட்டார்கள். இனி தீவில் அது தலையணை, வரி விழும். குளிர் நாட்டில் அது பொம்மை, பரிசோதனைக் கூடம். இரண்டு வாசலும் சாத்தியாகிவிட்டது, அதுவும் அக்காவின் கையாலேயே.

சங்கத் தலைவர் அக்காவின் காதைக் கடித்தார். "இதுல நம்ம பக்கம் பேசறது யாரும்மா?"

"ரெண்டு பேரும்" என்றார் அக்கா.

"தொழில் தரப்பு ஏதாவது சொல்ல விரும்புகிறதா?" என்றார் அவைத் தலைவர்.

அக்கா யானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். முன்வரிசையில் இரு அதிகாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பொய் ஒன்று அவர் நாக்கு நுனிக்கு வந்து போனதை என்னால் பார்க்க முடிந்தது.

"ரெண்டு பேர் சொன்னதும் ரொம்பச் சரி. ஏன்னா ரெண்டையும் அவங்களுக்குச் சொன்னது நான்தான். இவர்கிட்ட பொம்மைன்னேன், அவங்ககிட்ட தலையணைன்னேன். ரெண்டும் உண்மை. ஆனா ஒண்ணைச் சொல்லும்போது இன்னொண்ணைச் சொல்லல. இப்பச் சொல்லிடறேன்."

தும்பிக்கையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். வயிற்றை அமுக்கினார். அந்தப் பெரிய ஹாலில் 'கீச்' என்ற சத்தம் கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. தீவு அதிகாரி குலுங்க ஆரம்பித்தார். அவருடைய நாற்காலியும் குலுங்கியது. அம்மாள் குலுங்கவில்லை.

"அதனால ரெண்டு பெட்டியும் வேண்டாம். 'பிள்ளைகளின் பிரயாணச் சாமான்'னு புதுசா மூணாவது பெட்டி வைங்க. வரியும் கூடாது, சோதனையும் கூடாது. எல்லா நாட்டுலயும். இன்னிக்கே."

அவை கொதித்தது. புதுப் பெட்டியா? அமைச்சகத்தைக் கேட்காமலா? இன்றைக்கேவா? சர்க்கார் ஆட்கள் எதைக் கேட்டாலும் தாங்குவார்கள், 'இன்றைக்கே' என்பதை மட்டும் தாங்க மாட்டார்கள். ஆளாளுக்கு எழுந்து கண்டித்தார்கள். கடைசியில் அவைத் தலைவர் மேசையைத் தட்டினார்.

"இதை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்படும். அதுவரை..."

"அதுவரை?" அக்காவின் குரல் உயிர் பிரிகிற குரல்.

"அதுவரை அவரவர் நாட்டில் ஏற்கனவே இட்ட முத்திரையே செல்லும்."

அக்கா தொப்பென்று உட்கார்ந்து, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சங்கத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் போச்சாம்மா?"

"மூஞ்சியை அப்படியே வச்சுக்குங்க தலைவரே" என்றார் அக்கா, உதடு அசையாமல். "உபகுழு முடிவு சொல்றதுக்குள்ள இந்த யானைக்கு நெஜமாவே தந்தம் முளைச்சிரும்."

தலைவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் மீசைக்குள் ஏதோ வெடித்தது. இருமல் என்று எல்லோரும் நினைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிற்பகலில் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யானை மடியில். காலியிடம் எத்தனையோ இருக்க, குளிர்நாட்டு அம்மாள் நேராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் முதுகு விறைத்தது. அன்று காலையிலிருந்து ஸ்பூனும் கையுமாக எதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாரோ, அது இப்போது பக்கத்து இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

பேருந்து கிளம்பி, ஒரு பாலம் ஏறி இறங்கியதும் அம்மாள் பேச்சைத் தொடங்கினார்.

"அந்த மூணாவது பெட்டி உங்களுக்குத் தேவையே இல்ல. இல்லையா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தார்.

"அடுத்த தடவை என் ஆபீசுக்கு வரும்போது" என்றார் அம்மாள், "வயித்தையும் சேர்த்துக் காட்டுங்க."

'அடுத்த தடவை' என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவின் தோள்கள் இறங்கின. அன்றைக்கு முதல் முறையாக அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது போகட்டும், நமக்குள்ள இருக்கட்டும்" என்று அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "நெஜமா இது என்ன?"

அக்கா தும்பிக்கையை எடுத்துக் கழுத்தைச் சுற்றிவிட்டார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். மூச்சு சீராக வர ஆரம்பித்தது. தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். அப்போது மடியில் இருந்த அவருடைய கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, யானையின் வயிற்றைத் தேடிப் பிடித்து அமுக்கியது.