பைன் வீடும் தேக்குப் புத்தியும்

ஆஸ்திரேலியாவில் வீடு கட்டும் பைன் மரத்துக்கு வரும் மாதங்களில் கிராக்கி ஏறுமா இறங்குமா என்று எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுதுவது யாங்கோனில், அலோன் பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில். ஆஸ்திரேலியாவை நான் பார்த்ததில்லை. அந்த மரத்தையும் நின்ற கோலத்தில் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயந்துகொண்டே இதை என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் அடிலெய்டில் இருக்கும் ஒரு பெண்மணி. இதைப் பற்றி எழுதுகிற பாதிப்பேர் அங்கேயும் காட்டுப்பக்கம் போனதில்லை என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சமே போய்விட்டது.

எங்களுக்குத் தெரிந்த பைன், தின்ஷூ. க்யிம்யிண்டைங் சந்தையில் அதை விரல் பருமனுக்குக் கீறி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக விற்பார்கள். பிசின் ஊறிய குச்சி. ஒன்றைக் கொளுத்திப் போட்டால் கரி அடுப்பு பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வருவதே செய்தியாகிவிட்ட இந்த வருடங்களில் எங்கள் தெருவில் கரி அடுப்பு இல்லாத வீடு கிடையாது. இந்தக் குச்சியின் ஒன்றுவிட்ட சகோதரனை வைத்து ஒரு நாடே வீடு கட்டிக் குடியிருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தின்ஷூவுலயா வீடு? அப்ப அடுப்ப எங்கடா வைப்பாங்க?"

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுபது தாண்டியவள். மிஷன் பள்ளியில் கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி பட்டு இங்கிலீஷ் கற்றவள். பிறகு ஒரு கப்பல் ஆபீசில் தட்டச்சு செய்தவள். என் அறிக்கை ஒவ்வொன்றையும் தெருமுனைக் கடையில் அச்செடுத்து அவளிடம் கொடுத்தாக வேண்டும். சிவப்புப் பென்சிலால் கமா போட்டு, மூன்று வரியை ஒரு வரியாக்கித் திருப்பிக் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் அது அடிலெய்டுக்குப் போகும். நான் நன்றாக எழுதுகிறேன் என்று மேலதிகாரி பாராட்டும்போதெல்லாம் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வேன்.

அப்பா அலோன் ஆற்றுத்துறையில் மரம் அளந்தவர். அவர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. ஆனால் அவர் வழக்கம் ஒன்று எங்கள் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் கதவு நிலையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவோம். தேக்கா, பியிங்கடோ என்னும் இரும்பு மரமா, உள்ளே செல் அரித்த மரமா என்று காது சொல்லிவிடும். காபி வருவதற்குள் அந்தக் குடும்பத்தின் யோக்கியதை எங்களுக்குத் தெரிந்துபோகும். இந்தப் பழக்கத்தால் எனக்கு நின்றுபோன கல்யாணம் ஒன்று உண்டு. பெண் வீட்டு நிலையைத் தட்டிவிட்டு, "ஒட்டுப்பலகை" என்று அம்மா கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். எனக்கு அதற்குப் பிறகு வேறு பெண் அமையவில்லை, அம்மாவும் நானுமாகத்தான் இருக்கிறோம்.

தங்கை தன் இரண்டு பிள்ளைகளோடு மெல்பர்னில் இருக்கிறாள். நகரத்துக்கு வெளியே புதிதாக மண் கிளறிய ஒரு புறநகரில் மனை வாங்கி, வீடு கட்ட ஒப்பந்தக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கியிருந்தாள். வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஓர் அறை. அதில் அவள் கைப்பட, தமிழில், 'அம்மா' என்று எழுதியிருந்தாள். அந்த அறை கட்டப்பட்டால் அம்மா போய்விடுவாள். இந்த மூன்றாம் மாடியில் நானும் கரி அடுப்புமாக இருக்க வேண்டியதுதான்.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவே எதிர்ப்பாள் என்று நம்பினேன். அதற்கேற்றாற்போல் தங்கை ஒருநாள் ஒப்பந்தக்காரர் கட்டிக் காட்டும் மாதிரி வீட்டுக்குள் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா அவளைச் சுவரைத் தட்டச் சொன்னாள். தட்டினாள்.

"உள்ள யாருமே இல்லையேடீ!" என்றாள் அம்மா.

"அம்மா, அது அட்டைப் பலகை. உள்ளதான் பைன் சட்டம் நிக்குது. கொஞ்சம் தள்ளித் தட்டினா கேக்கும்."

தங்கை சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் சத்தம் லேசாகக் கெட்டிப்பட்டது. மரத்தை இயந்திரத்தில் வளைத்துப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள், கறையானுக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள் என்று நானும் பெரிய மனது பண்ணி எடுத்துச் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தங்கை கேட்டாள். "அண்ணே, நீதான இதுல எக்ஸ்பர்ட்டு. இப்பவே கையெழுத்துப் போடவா, கொஞ்சம் பொறுக்கவா? மர விலை எறங்குமா?"

நான் சொன்னேன்: "பொறு."

அப்போது அதை நானே நம்பித்தான் சொன்னேன் என்று ஒரு பாதிக்குச் சத்தியம் செய்ய முடியும். நிலவரம் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்ச காலம் முன்பு அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு கட்டக் கிளம்பினார்கள். உள்ளூர் மரம் போதவில்லை. பைன் தோட்டத்து மரம் வெட்டுக்கு வர முப்பது வருடம் போல ஆகும், அவசரம் என்று அதனிடம் கெஞ்ச முடியாது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். கப்பல் வந்து சேர்ந்த நேரம் வட்டி ஏறி, வீடு கட்டுகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கிடங்கெல்லாம் மரம் மலிந்து கிடந்தது. விற்கிறவன் இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைத்துப் பார்ப்பான், முடியாமல் விலையைத் தளர்த்துவான், அப்போது வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். அதையே அறிக்கையிலும் எழுதினேன். அம்மா கமா போட்டாள்.

அடிலெய்டிலிருந்து போன் வந்தது. மேலதிகாரி கோபப்படமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. மெதுவாகக் கேட்டார்: கிடங்கில் இருப்பதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறாய், நாளைக்கு யார் அறுக்கப் போகிறார்கள் என்று பார்த்தாயா?

பார்க்கவில்லை. லான்மடா வட்டாரத்தில் தேக்கு வியாபாரம் செய்யும் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் நான் எழுதியதைத்தான் சொல்வார்கள். தேக்கை வைத்திருந்தால் கெட்டுப்போகாது. யானை மாதிரி, இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ஆகவே விற்காத வியாபாரி பிடித்து வைத்திருக்கிறான் என்றுதான் எங்கள் மூளை படிக்கும். பைன் வியாபாரி பிடித்து வைக்கமாட்டான். அவனுக்குக் கிடங்கில் இடம் வேண்டும், மரம் வெயிலில் கிடந்து முறுக்கிக்கொள்ளும். அவன் செய்வது வேறு. மில்லில் ஒரு ஷிஃப்டை நிறுத்துவான். கப்பலுக்குச் சொல்லியிருந்ததை ரத்து செய்வான். இருப்பதைக் கிடைத்த விலைக்குத் தள்ளுவான். கிடங்கு காலியானதே வெளியே தெரியாது. அந்த நேரம் பார்த்து ஜனங்கள் மறுபடி வீடு கட்டக் கிளம்பினால், நின்ற ஷிஃப்டுக்கு ஆள் பிடிப்பதற்கும் கப்பல் வருவதற்கும் மாதங்கள் ஆகும், விலை ஏறும். கட்டுமான மரம் என்று மாதாமாதம் எழுதிக்கொண்டு மண்டைக்குள் தேக்கையே உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். வரும் மாதங்களில் விலை ஏறும், வாங்குகிறவர்கள் தாமதிக்க வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே போட்டேன். அம்மா படித்தாள். ஒரு இடத்தில் கமாவை எடுத்தாள். போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி நன்றி சொன்னார்.

அன்று மாலை தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, ஒப்பந்தக்காரரு குடுத்த விலை இந்த மாசத்தோட முடியுது. இன்னும் பொறுக்கவா?"

மின்சாரம் இல்லாத நேரம். அம்மா பக்கத்தில் தின்ஷூ குச்சியைக் கொளுத்தி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். புகை வாசனை. நான் போனைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தேன்.

"பொறு. இன்னும் எறங்கும்" என்றேன்.

இந்த இரண்டாவது 'பொறு'வுக்கு எந்தக் கோயிலிலும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஊருக்கெல்லாம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தத் தங்கைக்குப் பொய் சொன்னேன். பாசம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி. சம்பளம் வாங்கத் தெரிந்த, சோறு வடிக்கத் தெரியாத ஒரு தடிமாட்டின் பயம்.

விலை ஏறியது. மரம் மட்டுமல்ல, நியாயமாகச் சொல்ல வேண்டும், கொத்தனார் கூலி முதல் குழாய் வரை எல்லாம் கூட ஏறின. ஒப்பந்தக்காரர் புதிய பட்டியல் அனுப்பினார். அதற்குப் பிறகு தங்கையிடமிருந்து ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அண்ணே. ஒரு ரூமைக் கொறச்சாத்தான் பேங்க்ல கடன் குடுப்பாங்களாம். பின்னாடி ரூமை எடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. வியாழக்கிழமை தரைக்கு கான்கிரீட் ஊத்துறாங்க."

நான் ஆசைப்பட்டது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. அச்சச்சோ என்றேன். போகட்டும், அம்மாவுக்கும் அந்த மரம் பிடிக்கவில்லை என்று தேற்றக்கூடச் செய்தேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"கெய்சா மஷிபூ" என்றாள். பரவாயில்லை என்பதை அவள் எப்போதும் பர்மியத்தில்தான் சொல்வாள். "ரூம் இல்லாட்டி என்ன, நான் ஹால்ல படுத்துக்கிறேன். பாஸ்போர்ட்டுதான் வந்துருச்சே. திஞ்ஜான் தண்ணித் திருவிழா முடிஞ்ச கையோட வர்றேன். நீ ஒண்டியா ரெண்டு புள்ளைங்களையும் வேலையையும் வச்சிக்கிட்டு அல்லாடுற. அழாத. சட்டம் நிக்கற எடமாப் பாத்து ஒரு ஆணி அடிச்சு வை, என் பையை மாட்ட."

பாஸ்போர்ட்டா? அந்த வரிசையில் எப்போது போய் நின்றாள்? நான் அறிக்கை எழுதிக்கொண்டு காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்த காலைகளில் அவள் சந்தைக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். போகிற முடிவை அம்மா எப்போதோ எடுத்துவிட்டாள். பொய் சொல்லி அவளை நான் நிறுத்தவில்லை. எழுபது தாண்டியவளை மகள் வீட்டு ஹாலில், போகிற வருகிறவர்களுக்கு நடுவே படுக்க வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

போனை வைத்துவிட்டு அம்மா அலமாரியைத் திறந்தாள். என் அறிக்கைகளின் அச்சுத்தாள்களை மறுபடி வாங்கித் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒன்றை உருவி என் முன்னால் போட்டாள். திருத்தி எழுதிய அறிக்கை. முதல் பத்திக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு.

"இதுல ஏறும்னு எழுதியிருக்க. அன்னிக்கு சாயங்காலம் அவகிட்ட எறங்கும்னு சொன்ன. அடுப்பு விசிறுனா காது கேக்காதா எனக்கு?"

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு நாள் பொறுத்தேன். ஒரு வாரம் பொறுத்தேன். நானும் மரக்காரன் பொண்டாட்டிதானே, வச்சிருந்தா வெளையும்னு நெனச்சிட்டேன்."

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். "நீ போயிட்டா நான் என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டேன். நாற்பத்தாறு வயசில் கேட்கிற கேள்வியா அது? வாயிலிருந்து வந்துவிட்டது, கூடவே கண்ணீரும்.

அம்மா என் தலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது தெரு முழுக்க "மீ லாபி!" என்று பிள்ளைகள் கத்தின. மின்சாரம் வந்துவிட்டது. விளக்கு எரிந்தது, விசிறி ஓடத் தொடங்கியது, மோடத்தில் பச்சைப் புள்ளி மின்னியது. போனை என் கையில் திணித்தாள்.

"கூப்பிடு அவள. நீயா சொல்லு. நான் போறதுக்குள்ள சொல்லிடுடா, அப்புறம் திருத்த நான் இங்க இருக்கமாட்டேன்."

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. நான் தங்கையின் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.