டின் தட்டினாலும் அசையாத குட்டி

போன வாரம் விழுப்புரத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், புதிதாக வாங்கின நாய்க்குட்டியைக் காட்ட எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். எந்த ஊசி எப்போது போட்டது, தாய் எது, தகப்பன் எது, எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நான் பிறந்த தேதிக்கே ஒரு காகிதம் கிடையாது. குட்டியை என் மடியில் விட்டாள். உச்சந்தலையை மோந்து பார்த்தேன். எல்லாக் குட்டிக்கும் அங்கே ஒரே வாசனைதான். காய்ச்சின பாலும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்து மகள் சமையல்கட்டில் ஒரு தட்டைக் கீழே போட்டாள். காதில் மெஷின் வைத்த நாளிலிருந்து எனக்குத் தட்டு விழுந்தால் இடி விழுந்த மாதிரிதான். குட்டி என் மடியை விட்டுத் துள்ளிக் குதித்து, சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்தப் பெண் சிரித்தாள். சரியான பயந்தாங்கொள்ளி என்றாள்.

"பயப்படட்டும், நல்லதுதான்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் வாயைத் திறப்பது மாதத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம். என்ன நல்லது என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் திண்டிவனம் வரைக்கும் போகவேண்டும். உங்களுக்கென்றால் எழுதிவிடலாம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை குடோனில் வாட்ச்மேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காம்பவுண்டுக்குள்ளேயே எங்களுக்கு ஒரு அறை. புது மல்லாட்டை வந்து இறங்குகிற மாதங்களில் அந்த மண் வாசனை சோற்றில் இருக்கும், புடவையில் இருக்கும், தலை முழுகினாலும் போகாது. இன்றைக்கும் தள்ளுவண்டியில் யாராவது மல்லாட்டை வறுத்தால் நான் சும்மா நின்றுவிடுவேன். வாங்குவேன் என்று அந்த ஆள் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு பார்ப்பான். எனக்குப் பல்லே கிடையாது.

பின்சுவரை ஏறிக் குதித்து யாரோ இரண்டு மூட்டை தூக்கிவிட்டார்கள். நல்ல காவல் நாயாக ஒன்று வாங்கி வளர்க்கச் சொன்னார் முதலாளி. இன்னொரு மூட்டை போனால் நீயும் கிளம்பிவிடு என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வார சந்தைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் என் வலது பக்கமாகவே நடந்து வந்தார். எங்கே போனாலும் அவருக்கு அது ஒரு பழக்கம்.

மூங்கில் கூடையில் ஆறு குட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். எது ரோஷமான குட்டி என்று இவர் கேட்டார். அவன் ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்துக் கூடைக்கு மேலே பிடித்து, குச்சியால் ஓங்கி அடித்தான். ஐந்து குட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு நடுங்கின. ஒன்று மட்டும், உடம்பு முழுக்க வெள்ளை, கண்ணைச் சுற்றி ஒரு பழுப்புத் திட்டு, உட்கார்ந்த இடத்தில் கொட்டாவி விட்டது.

"இதுக்கு பயம்னா இன்னான்னே தெரியாதுங்க. இடி வுழுந்தாலும் அசையாது" என்றான்.

வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டைகர் என்று பேர் வைத்து, வழியெல்லாம் எதிரே வந்தவர்களிடம் டின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்குச் சாயந்திரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேப்பைக் கூழில் பால் கலந்து வைத்தேன். குடித்துவிட்டு வாசற்படி ஓரம் தூங்கியது. காற்றில் குடோன் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குட்டி அசையவில்லை. அது தைரியமில்லை. எவ்வளவு தைரியமான நாயும் தூக்கத்தில் காதையாவது திருப்பும். இதன் காது செத்த இலை மாதிரி கிடந்தது. பின்னால் போய்க் கை தட்டினேன், கரண்டியால் குண்டானைத் தட்டினேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசியில் காலால் தரையை மிதித்தேன். உடனே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். எனக்கும் இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்து அடைத்துப் போனது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா என் இடது பக்கம் சுவரை ஒட்டினமாதிரி என்னை உட்காரவைத்தாள். உள்ளே எழுந்து போகும்போது மாப்பிள்ளை வீட்டு அத்தை இடது பக்கமாக என்னவோ கேட்டிருக்கிறார். நான் திரும்பாமல் போய்விட்டேன். எவ்வளவு அடக்கமான பெண் என்று சொல்லி அப்போதே பூ வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கூச்சம்தான் எனக்குக் காவல். பேசாத பொம்பளை பதில் சொல்லவில்லை என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அதனால் குட்டியின் செவிட்டையும் மறைக்க ஆரம்பித்தேன். அவர் வாசலில் நின்று டைகர் என்று கூப்பிடும்போது நான் உள்ளே அடுப்படியில் நின்றபடி குதிகாலால் தரையை இடிப்பேன். குட்டி எழுந்து ஓடும். நம்ப குட்டிக்கு என்ன அறிவு பார் என்பார். நாள் முழுக்க இடித்து இடித்துக் குதிகால் வெடித்துப் போனது. பார்க்கிறவர்கள் எனக்கு மருள் வந்திருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

இப்படி எத்தனை நாள் ஓட்டமுடியும்? அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஒயர் கூடையில் குட்டியை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி, விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரியில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். விழுப்புரத்து டாக்டர் குட்டிக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். பிறவியிலேயே செவிடு, வெள்ளைக் குட்டிகளில் சிலது இப்படிப் பிறக்கும், மருந்தும் கிடையாது ஊசியும் கிடையாது என்றார். "வித்தவன் ஒண்ணும் சொல்லலியாம்மா?" என்று கேட்டார்.

"சொல்லலைங்க" என்றேன். சொல்லும்போது என் முகம் எரிந்தது.

அங்கிருந்து திருவாமாத்தூருக்குப் போய் அம்மாவிடம் அழுதேன். அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வாயத் தொறந்துடாத. நாயி கதைய சொல்லப் போயி உன் கதையும் வெளிய வரும். அப்புறம் ரெண்டும் தெருவுலதான் நிக்கணும்."

திரும்பி வந்து மறுபடி தரையை இடித்தேன். வேறு வழி தெரியவில்லை.

ஒரு நாள் முதலாளி வந்திருந்தார். மூட்டை ஏற்றின லாரி காம்பவுண்டுக்குள் பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. குட்டி அதன் பின்சக்கரத்து வழியில் நிழலில் படுத்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் கத்தினார்கள். வீட்டுக்காரர் டைகர், டைகர் என்று கத்தினார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பலம்கொண்ட மட்டும் தரையை மிதித்தேன். லாரி ஓடுகிற அதிர்வில் மண்ணே நடுங்கிக்கொண்டிருந்தது. என் கால் எங்கே அதற்குத் தெரியப் போகிறது? அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவே விழுந்து, பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். டயர் என் முந்தானை மேல் ஏறி நின்றது. குட்டி அப்போதுதான் விழித்தது. விழித்து என் கையை நக்கியது.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. செவிட்டு நாயைக் காவலுக்கு வைத்திருக்கிறாயா என்று எல்லார் முன்னாலும் இவரைக் கேட்டார்.

"நாளைக்கு நான் வரும்போது இது இங்க இருக்கக்கூடாது. மெட்ராஸ் ரோட்டுல கொண்டும்போயி வுட்டுட்டு வா. இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க."

மெட்ராஸ் ரோடு என்றால் நாள் முழுக்க லாரி ஓடுகிற ரோடு. ஹாரன் கேட்காத குட்டி அங்கே எத்தனை நேரம் இருக்கும்?

முதலாளி போன பிறகு அவர் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். வந்த அன்றைக்கே என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எனக்கும் எடது காது கேக்காதுங்க."

அவர் கீழே கிடந்த மல்லாட்டைத் தோலை நசுக்கிக்கொண்டே சொன்னார்: "தெரியும்."

"எப்போலருந்து?"

"கண்ணாலம் ஆன மூணாம் நாளு. அந்தப் பக்கமா படுத்து பேசிக்கினே இருந்தேன். தூங்கிட்டியோன்னு பாத்தா, நீ கண்ண தொறந்துக்கினு கூரையப் பாக்கற."

திருப்பி அனுப்ப நினைக்கவில்லையா என்று கேட்டேன். போடி என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவர் ஏன் வலது பக்கமே நடந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன். என்னை வைத்துக்கொண்டவர் இதையும் வைத்துக்கொள்வார் என்று நம்பினேன். வேலையையும் அந்த அறையையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் நினைத்துத்தான் ஆகவேண்டும்.

காலையில் சைக்கிள் ஹாண்டில்பாரில் அதே ஒயர் கூடையை மாட்டினார். குட்டி அதற்குள்ளிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது. கூடைப் பிடியை நான் விடவில்லை.

"யாராவது தோப்புக்காரங்ககிட்ட குடுத்துடுங்க. ரோட்டுல மட்டும் வேணாங்க."

"பாக்கறேன், வுடு" என்றார்.

ஓமந்தூர்ப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒரு மாந்தோப்பு இருந்தது. நாலு பக்கமும் முள்வேலி. அங்கேதான் போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பொழுது ஏறும்வரைக்கும் கேப்பையில் கல் பொறுக்கினேன். பொறுக்கினதையே மறுபடி பொறுக்கினேன்.

உச்சி வெயிலில் காலிக் கூடையோடு வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கம். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தது. என் காதுக்குக் கிட்டத்தில் வாயைக் கொண்டுவந்து என்னவோ சொன்னார். மூச்சுக் காற்று சூடாகப் பட்டது. நாலைந்து வார்த்தை இருக்கலாம். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், வலது காதில் விழுந்திருக்கும். உதட்டையாவது பார்த்திருக்கலாம். நான் முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்துபோய்க் கைகால் கழுவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாய் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததில்லை. மெட்ராஸ் ரோட்டில் பஸ்ஸில் போனால் கண்ணை மூடிக்கொள்வேன். ஓமந்தூர் வழியாகப் போனால் ஜன்னலை விடமாட்டேன், வெள்ளையாக எது தெரிந்தாலும் எட்டிப் பார்ப்பேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்கூட, வலது காதை அவர் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்கலாம். வெந்நீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மல்லாட்டை குடோன் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். மாந்தோப்பு மனை மனையாகக் கல் நட்டுக் கிடக்கிறது. மெட்ராஸ் ரோடு ஆறு மாதிரி அகலமாகி, நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் எதைத் தேடுவது?

போன பொங்கலுக்குப் பிறகு மகள் என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப்போய் இடது காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். நன்றாகத்தான் கேட்கிறது. இதை எழுதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குட்டி தண்ணீர் நக்கிக் குடிக்கிற சத்தம் வருகிறது. கேட்காது என்று தெரிந்தே அந்தக் காதில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அப்போது அதில் மெஷின் இல்லை.